விதைக்கு விட்டது

புரட்டாசி இரண்டாவது வாரம். பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று சொல்வார்களே, அந்த மாதம். மத்தியானம் மொட்டைமாடித் தளம் காலைச் சுடுகிறது. சாயங்காலமானால் இருட்டிக்கொண்டு வருகிறது, சில நாள் பெய்கிறது, சில நாள் ஏமாற்றிவிட்டுப் போகிறது. ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் போட்ட விதை முளைத்து நாலு இலையாவது விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணுக்குள்ளேயே அழுகிப் போகும்.

தொட்டி மண்ணைக் கிளறிக் கொட்டி, மக்கின சாணியும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, பத்து நாள் ஆறப்போட்டாச்சு. முள்ளங்கி போட்டாச்சு, கொத்தவரை போட்டாச்சு, தண்டுக்கீரையை மணலோடு கலந்து தூவியாச்சு. கத்தரி நாற்று ஒரு சாண் உயரம் வந்திருக்கிறது, வெயில் தணிகிற ஒரு சாயங்காலம் பார்த்துப் பிடுங்கி நட வேண்டும். ஒரே ஒரு தொட்டி மட்டும் காலியாக இருக்கிறது. பந்தல் கம்பிக்கு நேர் கீழே இருக்கிற பெரிய தொட்டி. அது அவரைக்கு.

அவரை விதை கையில் இருக்கிறது. 31 விதை. மூன்று தடவை எண்ணிவிட்டேன். போடத்தான் கை வரவில்லை.

இந்த விதைகளைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் அது வேறொரு கேள்வியாக இருக்கிறது. இன்றைக்குப் பசிக்கிற ஒருத்தருக்கும் நாளைக்கு வரப்போகிற ஒருத்தருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இருக்கிறதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வருகிறது?

*

ஓரத்தில் ஊதா வரி ஓடுகிற பட்டை அவரை அது. ஆச்சி கல்யாணமாகி வரும்போது அவள் அம்மை சேலை முந்தியில் முடிந்து கொடுத்துவிட்டது என்று சொல்வாள். கிராமத்து வீட்டுப் புறவாசல் வேலியில் படர்ந்தது, பிறகு நாங்கள் டவுனுக்கு வந்ததும் மாடித் தொட்டிக்கு ஏறிக்கொண்டது. மார்கழிப் பனியில் பூக்கும். தை முழுக்கக் காய்க்கும். வேக வைக்கும்போது அடுப்படியில் ஒரு வாசம் வரும். கடை அவரையில் அது வராது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்த வாசத்தை வைத்தே ஆச்சி எது எங்கள் காய், எது கடைக் காய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

ஒவ்வொரு வருஷமும் பொங்கல் கழிந்ததும் ஆச்சி சிவப்பு நூல்கண்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு வருவாள். கொடி நன்றாகத் திமிறிக் காய்த்திருக்கும் நேரம். பூச்சி படாத, நீளமான, வரிசையாக விதை பிடித்த காய்களாகப் பார்த்து ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு நூல் கட்டுவாள். "இது விதைக்கு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் காயை வீட்டில் யாரும் தொடமாட்டோம்.

காய்கறித் தோட்டம் போட்டவர்களுக்குத் தெரியும், விதைக்கு விடுவது என்பது லேசான காரியம் இல்லை. முதலாவது, விதைக்கு விடுகிற காய் எப்போதும் இருப்பதிலேயே நல்ல காயாக இருக்க வேண்டும். சொத்தையை விதைக்கு விட்டால் சொத்தைதான் வரும். இரண்டாவது, அது தின்பதற்கு மிக நன்றாக இருக்கிற நாளில்தான் அந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. வெண்டைக்காயைப் பிஞ்சில் பறிக்காமல் நாலு நாள் விட்டால் நாராகிவிடும். கத்தரி முற்றினால் மஞ்சளாகிக் கசக்கும். "பார்ப்போம், அப்புறம் யோசிச்சுக்கலாம்" என்பது இதில் கிடையாது. மூன்றாவது, பலருக்குத் தெரியாதது: கொடியில் நாலு காய் முற்ற ஆரம்பித்தால் கொடியே தளர்ந்துவிடும். விதை பிடித்துவிட்டது, வந்த வேலை முடிந்தது என்கிற மாதிரி அடுத்த பூவைக் குறைத்துக்கொள்ளும். ஒரு காயை விதைக்கு விடுகிறவர், அந்த ஒரு காயை மட்டும் விடவில்லை. பிறகு வந்திருக்கக்கூடிய ஒரு கூடைக் காயில் பாதியையும் சேர்த்துத்தான் விடுகிறார்.

கடையில் வீரிய ஒட்டு விதைப் பாக்கெட் வாங்கிப் போடுகிறவருக்கு இந்தச் சங்கடமே இல்லை. அந்தக் காயிலிருந்து எடுத்த விதை தாயைப்போல வராது, குணம் பிரிந்துபோகும். அதனால் விதைக்கு விட வேண்டியதில்லை, மொத்தத்தையும் தின்னலாம், அடுத்த பட்டத்துக்கு அடுத்த பாக்கெட். நம் அடுப்படியிலிருந்து ஒரு கேள்வி சத்தமில்லாமல் வெளியே போய்விட்டது. அது வசதிதான், மறுக்கவில்லை. அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இன்னும் இருந்ததால்தான் எனக்கு இந்த நிலைமை.

*

போன மாசி. ஆச்சி படுத்து இருபது நாள் ஆகியிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி, கொஞ்சம் மோர், அதோடு சரி. ஒருநாள் காலையில் தெளிவாக இருந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"ஐயா, நம்ம அவரைக்கா கொஞ்சம் பறிச்சு ஒங்க அம்மைட்ட குடேன். தேங்கா போட்டு வச்சுத் தருவா."

கொடி அப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தது. அசுவினி அப்பி, இலையெல்லாம் சுருண்டு, பூவே இல்லை. மிச்சம் இருந்தது நூல் கட்டின காய் ஒன்பது மட்டும். அதில் நாலு பழுக்க ஆரம்பித்திருந்தது. அஞ்சு இன்னும் பச்சை. பிஞ்சு இல்லைதான், ஆனால் நாரை உரித்துப் போட்டு வேகவைத்தால் வெந்திருக்கும்.

நான் சொன்னேன்: "ஆச்சி, அது விதைக்குல்லா? நீதான நூல் கட்டுன."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "ஆமா, விதைக்குல்லா" என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்க் கால் கிலோ அவரைக்காய் வாங்கி வந்தேன். அம்மா தேங்காய் போட்டு வைத்துக் கொடுத்தாள். ஆச்சி ரெண்டு வாய் சாப்பிட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள்.

பங்குனியில் ஒன்பது காயும் சலசலவென்று காய்ந்தன. உடைத்து எடுத்து, வெயிலில் போட்டு, சாம்பலில் பிசறிப் பாட்டிலில் போட்டு வைத்தேன். ஆச்சி செய்கிற மாதிரியே. அம்மா இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆடி மாதம், விதைப் பாட்டிலைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமலே ஒரு தடவை சொன்னாள்: "நாலு காய் பறிச்சிருக்கலாம்லா."

*

நமக்குத் தெரிந்த ஒரு கதையில் இதே இக்கட்டு வருகிறது. பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் இளையான்குடி மாறனார் கதை. விருந்தோம்பியே செல்வத்தையெல்லாம் தீர்த்துவிட்ட மனிதர். மழைக்கால நள்ளிரவில் ஓர் அடியார் கதவைத் தட்டுகிறார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. அக்கம்பக்கத்தில் கடன் கேட்கவும் வழியில்லை. அப்போது அவர் மனைவிதான் யோசனை சொல்கிறார்: பகலில் வயலில் விதைத்த நெல் இருக்கிறதே, அதை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துவிடலாம். மாறனார் இருட்டில் மழையில் போய், தடவித் தடவி, விதைத்த நெல்லைத் திரும்ப வாரிக்கொண்டு வருகிறார். எரிக்க விறகில்லை, கூரையிலிருந்த கட்டைகளை வெட்டித் தருகிறார். கறிக்கு ஒன்றுமில்லை, கொல்லையில் இன்னும் வளராத இளங்கீரையைப் பிடுங்கி வருகிறார்.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது கதை எங்கே போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. வந்தவர் சிவன். எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு அது போதும்.

இப்போது படித்தால் வேறொன்று உறுத்துகிறது. வந்தவர் வெறும் விருந்தாளியாக இருந்திருந்தால்? சாப்பிட்டுக் கைகழுவி, திண்ணையில் படுத்துத் தூங்கி, விடியற்காலையில் "வாரேன் ஐயா" என்று கிளம்பிப் போயிருந்தால்? விடிந்ததும் அந்த வீட்டில் என்ன இருக்கும்? விதையில்லாத வயல், கட்டையில்லாத கூரை, வெறுங்கொல்லை. விருந்தினரை உபசரித்து மிச்சத்தை உண்கிறவன் நிலத்துக்கு விதைகூட இட வேண்டுமா என்று வள்ளுவர் கேட்கிறார். அழகான கேள்வி. ஆனால் எந்த நிலமும் அப்படி விளைந்து நான் பார்த்ததில்லை. மாறனார் செய்தது சரியா என்பதை, சாமி வராத அந்தக் காலையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அந்தக் காலையிலும் அவர் செய்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நேர் எதிரான இன்னொரு கதை இருக்கிறது. இதில் சாமி இல்லை.

*

1941 செப்டம்பர் 8. ஜெர்மானியப் படை லெனின்கிராடு நகரத்தைச் சூழ்ந்துகொண்டது. முற்றுகை 1944 ஜனவரி 27 வரை நீடித்தது. முதல் குளிர்காலத்தில் ரொட்டிப் பங்கீடு, தொழிற்சாலை வேலையில் இல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் என்று இறங்கியது. அந்த ரொட்டியிலும் மாவு பாதி, மரக்கூழ் போன்ற கலப்படம் மீதி. லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள்.

அந்த நகரத்தின் நடுவில், புனித ஐசக் சதுக்கத்தில், ஒரு கட்டடத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் இருந்தன. நெல், கோதுமை, ஓட்ஸ், கடலை, பயறு. நிகொலாய் வவிலோவ் என்ற தாவரவியலாளர் ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, மெக்சிகோ, பெரு என்று அலைந்து விவசாயிகளிடமிருந்தும் சந்தைகளிலிருந்தும் சேர்த்தவையும், அவருடைய சகாக்கள் சேர்த்தவையும். வவிலோவ் அப்போது அங்கே இல்லை. ஸ்டாலின் அரசு அவரை 1940 ஆகஸ்டில் கைது செய்திருந்தது. உலகத்தின் பசிக்காக விதை சேர்த்த மனுஷன் 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் ஊட்டமில்லாமல் செத்தார்.

அவர் சகாக்கள் அந்தக் கட்டடத்தில் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். எலியிடமிருந்து, குளிரிலிருந்து, வெளியே இருந்த பசியிலிருந்து, தங்கள் சொந்தப் பசியிலிருந்து. திமித்ரி இவானவ் நெல் நிபுணர். ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளைக் காத்துக்கொண்டே பட்டினியால் செத்தார். கடலை நிபுணர் அலெக்சாந்தர் ஷூக்கின் தன் வேலை மேசையிலேயே செத்துக் கிடந்தார். இன்னும் சிலர். விதைகள் பிழைத்தன.

மாறனாரைக் கொண்டாடினால் இவர்களை என்ன சொல்வது? இவர்களைக் கொண்டாடினால் மாறனார் பொறுப்பில்லாதவரா?

நானும் இவானவ் பக்கம் நின்றேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. பல ராத்திரி அப்படிச் சொல்லியும் பார்த்தேன். 'நான் விதையைக் காப்பாற்றினேன்.' தூக்கம் வரவில்லை.

*

ஏன் வரவில்லை என்பது மெதுவாகத்தான் பிடிபட்டது. இவானவும் மாறனாரும் எதிர்ப்பக்கங்களில் நிற்கவில்லை. ரெண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். மாறனார் விருந்தாளிக்குக் கொடுத்தது தன்னுடைய நாளையை, தன் வீட்டு நாளையை. அந்த வீட்டில் பாதி உரிமை உள்ள மனைவிதான் அந்த யோசனையைச் சொன்னதே. இவானவ் வருங்காலத்துக்குக் கொடுத்தது தன்னுடைய இன்றையை, தன் உடம்பை. முடிவெடுத்தவரே விலையையும் கொடுத்தார். அதனால்தான் விடிந்த பிறகு வயல் வெறுமையாக இருந்தாலும் மாறனார் செய்தது எனக்குச் சரியாகப் படுகிறது. அவர் யாருடைய சோற்றையும் எடுத்துத் தர்மம் பண்ணவில்லை.

நான் முடிவெடுத்தேன். விலையை ஆச்சி கொடுத்தாள். என் நாக்கு எதையும் இழக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி நான் மிச்சமிருந்த கடை அவரைக்காயைத் தொட்டுக்கொண்டு மூன்று தோசை சாப்பிட்டேன்.

இதைக் கண்டுபிடித்த பிறகு சுற்றிலும் இதே காட்சிதான் தெரிகிறது. வருங்காலத்தின் பெயரால் விட்டுக்கொடுக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கிறவர்களாக இல்லை. நாட்டின் நாளைக்காக ஒரு ஊர் தன் நிலத்தைக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறவர் அந்த ஊரில் இல்லை. ரெண்டு வருஷம் விளையாடாதே, சிரிக்காதே, போனைத் தொடாதே, அப்புறம் வாழ்க்கை முழுக்க நல்லா இருக்கலாம் என்று பதினாறு வயசுப் பிள்ளையிடம் சொல்கிறோம். ஒரு குழந்தையின் பதினாறு வயதை விதைக்கு விட்டுவிடுகிறோம், அதுவும் அந்தப் பிள்ளையைக் கேட்காமல். முளைக்குமா முளைக்காதா என்பதுகூட நமக்குத் தெரியாது.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் என்னைத் திட்டிக்கொண்டு முடித்த மாதிரி ஆகிவிடும். அது சுலபம். இன்னொரு பக்கமும் இருக்கிறது.

கடைசிக் காய்க்கு முன்னால் எப்போதும் யாராவது பசியோடு இருப்பார்கள். போன வருஷம் ஆச்சி. அடுத்த வருஷம் மசக்கையில் இருக்கும் அக்கா வரலாம். அதற்கடுத்த வருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒவ்வொரு பசிக்கும் முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, "ஐயா" என்று கூப்பிடும். நாளைக்கு வருகிறவருக்கு முகம் இல்லை. கூப்பிடவும் மாட்டார். முகத்தைப் பார்த்து இரங்குவது மட்டும்தான் அறம் என்றால் விதை என்ற ஒன்றே உலகத்தில் மிஞ்சியிருக்காது. ஆச்சியின் அம்மை எத்தனையோ பஞ்சத்தையும் எத்தனையோ விருந்தாளிகளையும் தாண்டி யாருக்கோ 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் சொன்ன அந்த இல்லைகளின் மேல்தான் நான் சாப்பிட்ட அத்தனை அவரைக்காயும் காய்த்தது. இதை நினைக்கும்போது அந்த நூலை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. முகமில்லாதவருக்காக யாரோ ஒருவர் கட்டினது அது.

ஆச்சி தானே கட்டின நூலைத் தானே அவிழ்க்கச் சொன்னாள் என்பதுதான் என்னைத் திணற வைக்கிறது. அவளுக்கு அது மறந்துபோயிருக்கலாம். அல்லது நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேகூடக் கேட்டிருக்கலாம்: நான் கட்டினதுதானே, எனக்கு இல்லாததா? நான் அதைக் கேட்கவே இல்லை. 'விதைக்கு' என்ற சொல் கையில் இருந்தது, எடுத்து நீட்டிவிட்டேன். யோசிக்காமல் இருப்பதற்குக் கொள்கை மாதிரி வசதியான சாமான் வேறு இல்லை. ஒன்பது காய் இருந்தது. பச்சையாக இருந்த அஞ்சில் மூன்றைப் பறித்திருந்தாலும் ஆறு மிஞ்சியிருக்கும், இருபது விதை கிடைத்திருக்கும். ஒரு தொட்டிக்கு மூன்று விதை போதும். இந்தக் கணக்கை அன்றைக்கு நான் போடவில்லை. ஆச்சிக்கா விதைக்கா என்று ரெண்டில் ஒன்றாகக் கேள்வியைப் பார்த்தது நான்தான். கொடி அப்படிக் கேட்கவில்லை.

*

சிரியாவில் அலெப்போ பக்கம் ஒரு விதை வங்கி இருந்தது. வறண்ட நிலப் பயிர்களுக்கானது. உள்நாட்டுப் போரில் அங்கே போய்வர முடியாமல் ஆயிற்று. ஆனால் அதற்கு முன்பே அவர்கள் தங்கள் விதைகளில் ஒரு பங்கை நார்வேயில் ஸ்வால்பார்டு பனிமலைக்குள் 2008இல் திறந்த பெட்டகத்துக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். 2015இல் அங்கிருந்து திரும்ப வாங்கி, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். பிறகு கடனைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி பெட்டகத்துக்கும் புதிய விதை அனுப்பினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் கிராமத்துப் புறவாசல். ஆச்சி அங்கே இருந்தவரை, அவளிடம் இருந்த அவரை விதை தெருவில் ஏழெட்டு வீட்டில் இருக்கும். அங்கிருந்த பாகல், சுரை, புடலை விதை இவளிடம் இருக்கும். ஒரு வருஷம் எங்கள் கொடி பட்டுப்போனால் தெரு முனை வீட்டுக்குப் போய், "அக்கா, நாலு வெத தாங்க" என்று வாங்கி வந்துவிடுவாள். விதைக்கு விட்ட காயைக்கூட அந்தக் காலத்தில் யாராவது பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டால் நூலை அறுத்துப் பறித்துக் கொடுத்ததாக அம்மா சொல்கிறாள். அவளால் அப்படிக் கொடுக்க முடிந்தது. அவள் கையில் இருந்தது கடைசி விதை இல்லை.

டவுனுக்கு வந்த பிறகு அந்தத் தெரு இல்லை. விதை எங்கள் மாடியில் மட்டும் இருந்தது. அபூர்வமான நாட்டு ரகம் என்று நான் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன், நிறையப் பேர் விதை கேட்டிருக்கிறார்கள், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்திரம்தான் மாசி மாதத்துக் காலையில் என்னை ஒன்பது காய்க்கு முன்னால் கஞ்சனாக நிறுத்தியது. அதற்கு முந்தின வருஷம் நாலு வீட்டுக்கு விதை கொடுத்திருந்தால் அன்றைக்கு ஒன்பதையும் பறித்திருக்கலாம். என் தப்பு நடந்தது அந்தக் காலையில் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அது ஒரு வருஷம் முன்பே, கொடுக்காமல் விட்ட நாளிலேயே நடந்துவிட்டது.

இது எனக்கு ஆறுதல் இல்லை. ஆச்சி கேட்டது இதையெல்லாம் இல்லை, ஒரு கிண்ணம் அவரைக்காய். அதை நான் கொடுக்கவில்லை. இனிமேல் எத்தனை பேருக்கு விதை கொடுத்தாலும் அந்தக் கணக்கு அப்படியேதான் நிற்கும். அதை நேர் பண்ணுவதற்காக எதையும் செய்யக் கூடாது என்றும் நினைக்கிறேன். செய்ய வேண்டியதை வேறு காரணத்துக்காகச் செய்யலாம்.

1942 கோடையில், முற்றுகை விலகாத லெனின்கிராடில், ஜனங்கள் பூங்காக்களையும் சதுக்கங்களையும் கொத்திக் காய்கறி போட்டார்கள். அந்த விதைக் கட்டடத்துக்கு முன்னால் இருந்த புனித ஐசக் சதுக்கத்திலேயே முட்டைக்கோஸ் விளைந்தது. தேவாலயம் பின்னால் நிற்க, பெண்கள் கோஸ் அறுவடை பண்ணுகிற புகைப்படம் இருக்கிறது. உள்ளே நாளைக்கான விதை, வெளியே இன்றைக்கான கோஸ். நடுவில் ஒரு தெரு.

நேற்று சாயங்காலம் 31 விதையையும் காகிதத்தில் பரப்பினேன். நாலு நாலாக அஞ்சு பொட்டலம் மடித்தேன். முன்னே கேட்டவர்களில் அஞ்சு பேருக்கு. ஒவ்வொன்றின் மேலும் எழுதினேன்: 'ஒரு தொட்டிக்கு மூணு போதும். மார்கழியில் பூக்கும். யாராவது கேட்டால் கொடுக்கவும்.' மிச்சம் 11. அதில் அஞ்சை மழையில் அழுகிப்போனால் மறுபடி போடுவதற்காகப் பாட்டிலிலேயே விட்டேன். ஆறை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டேன்.

காலையில் பார்த்தால் ஆறும் உப்பியிருந்தன. தொட்டியில் விரலால் குழி போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா துணி காயப்போட வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"காய்ச்சா மொதக் காயை நூலு கட்டாத. மொத பறிப்பு சாப்பிடத்தான்."

"சரிம்மா."

"கூட்டு வச்சு ஆச்சி படத்துக்கு முன்னால ஒரு கிண்ணம் வைக்கணும்" என்றாள். அப்புறம் அவளே சொன்னாள்: "அவ எங்க சாப்பிடப் போறா. சூடு ஆறுனதும் நீதான் தின்னணும்."

குழியை மூடித் தண்ணீர் தெளித்தேன். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.